கல்லில் எஞ்சிய கைவண்ணம்

சிவகாசிக்கு அருகே, வைப்பாற்றின் கரையில் அமைந்த ஊர் வெம்பக்கோட்டை. பட்டாசு ஆலைகள் சூழ்ந்த அவ்வட்டாரத்தில் 2022 மார்ச் மாதம் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல்களோடும் மணிகளோடும் நுண்கற்கருவிகளும் அங்கே கிடைத்தன. விரல் நுனியில் ஏந்தத்தக்க அச்சிறு கற்கள் நமக்கும் ஒரு செய்தி சொல்கின்றன என்றே கருதுகிறோம்.

கல்லின் விளிம்பில் உரிய கோணத்தில் இன்னொரு கல்லால் தட்டினால்தான் கூரிய செதில் பெயரும். கோணம் பிசகினால் கல் வீணாகும். எனவே முதல் அடிக்கு முன்பே முடிவைச் சிந்தித்தாக வேண்டும். நுண்கற்களை மரத்திலோ எலும்பிலோ பதித்துப் பிசினால் ஒட்டியே கத்தியும் அம்பும் ஆக்கினார்கள். திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என 2011-இல் வெளியான ஆய்வு கூறியது. ஏடும் எழுத்தும் இல்லாத காலத்தில், ஒருவர் செய்ய மற்றவர் பார்த்துப் பழகியே இத்தகைய திறன்கள் தலைமுறைகளைக் கடந்திருக்க வேண்டும்.

அம்மனிதர்களின் பெயரோ குலமோ செல்வமோ எஞ்சவில்லை. அவர்களின் அறிவுக்குக் கைவேலையே சாட்சி.

நாமோ கையால் உழைப்பவரைப் 'படிக்காதவர்' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். திருமணப் பேச்சில் பட்டத்தையும் சம்பளத்தையும் கேட்கும் நாம், தொழில்திறனைக் கேட்பதில்லை. சிறு உராய்வும் தீயாகும் என்பதை அறிந்து மருந்தைக் கையாளும் பட்டாசுத் தொழிலாளியிடம் இருப்பதும் அறிவே. அவருடைய எச்சரிக்கைக்குச் செவிசாய்ப்பது உயிர் காக்கும் கடமை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டதை இவ்வட்டாரம் எளிதில் மறக்காது.

கையுழைப்பால் உண்பதன் சிறப்பை நபி (ஸல்) அவர்கள், தாவூத் நபியை (அலை) முன்னிறுத்தி எடுத்துரைத்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. இரும்பைக் கொண்டு கவசம் செய்தவர் அந்த நபி. இதை ஜும்ஆ உரையில் கேட்டு நெகிழும் நாம், பெண் கொடுக்கும்போது மறந்துவிடலாமா?

விடுமுறையில் பிள்ளைகளை வெம்பக்கோட்டைக்கு அழைத்துச் செல்வோம். கற்கருவியின் கதையைச் சொல்லும்போதே, நம் தெருவில் கைத்தொழில் செய்பவரையும் மரியாதையோடு அறிமுகப்படுத்துவோம். ஆலைகளில் பாதுகாப்பு கேட்டு அவர்கள் குரல் எழுப்பும் நாளில், நம் ஜமாஅத்துகளும் இன்ஷா அல்லாஹ் உடன் நிற்கட்டும்.