முதுகலைக்கு என்ன அவசரம்?

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் சிதம்பரத்துக்கு அருகே சேத்தியாத்தோப்புப் பக்கத்துப் பெற்றோர் ஓவிய ஆசிரியரைத் தேடி வருவார்கள். "இப்போதைக்கு பி.காம். முடிக்கட்டும் சார், வரையறதை அப்புறம் மேல்படிப்புல பாத்துக்கலாம்ல?" கையில் ஒரு பட்டம் இருந்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்ற கணக்கு அது. நியாயமான கணக்குதான், ஆனால் நுண்கலையில் செல்லாது. நம் அரசுக் கல்லூரிகளில் நுண்கலை முதுகலையான எம்.எஃப்.ஏ.வில் ஓவியத்துக்கோ சிற்பத்துக்கோ போனால், நுண்கலை இளங்கலையான பி.எஃப்.ஏ. எங்கே என்றுதான் கேட்பார்கள். பி.காம். முடித்தவர் மறுபடி முதலாண்டு மாணவராகத்தான் உட்கார வேண்டியிருக்கும்.

ஆகவே ஓவியம் படிக்கத் துணிய வேண்டியது பதினேழு வயதில். தயங்கலாம் என்றால் அது முதுகலைக்கு முன், இருபத்தொன்றில். நம் ஊர்களில் இது தலைகீழாக நடக்கிறது.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலம் இசைக்கும் நடனத்துக்கும் பெயர்பெற்றது. ஓவியம் வேண்டுமென்றால் ஊரைவிட்டுக் கிளம்பத்தான் வேண்டும். சேத்தியாத்தோப்பில் நின்று தெற்கே பேருந்து ஏறினாலும் வடக்கே ஏறினாலும் ஒரு கவின்கலைக் கல்லூரி உண்டு: தெற்கே அணைக்கரைப் பாலம் தாண்டிக் கும்பகோணம், வடக்கே 1850இல் தொடங்கிய சென்னைக் கல்லூரி. புதுச்சேரி அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடமும் இருக்கிறது. நான்காண்டு பி.எஃப்.ஏ.வில் கை பழகுகிறது. அதற்குக் குறுக்குவழி கிடையாது.

எம்.எஃப்.ஏ. யாருக்கு? கல்லூரியில் பாடம் நடத்த விரும்புகிறவருக்குப் பெரும்பாலும் வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுகலையில் 55 விழுக்காடும் நெட் அல்லது அதற்கு இணையான தேர்ச்சியும் பொதுவாகக் கேட்கின்றன. பள்ளி ஓவிய ஆசிரியர் வேலைக்கோ ஓவியத்தில் லோயர், ஹையர் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளும் டி.டி.சி. என்னும் தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழும்தான் நெடுங்காலப் பேச்சு. அனிமேஷன் நிறுவனத்திலும் விளம்பர நிறுவனத்திலும் செய்த வேலைகளின் தொகுப்பைத்தான் புரட்டுவார்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரோடு 1966இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் குடியேறிய ஓவியர்கள் பெரும்பாலும் பட்டயம் பெற்றவர்கள். பாத்திக் துணி செய்து விற்று வண்ணம் வாங்கினார்கள். முதுகலை இல்லாத குறை அவர்கள் ஓவியங்களில் தெரியவில்லை.

நாம் அதிகம் கண்டிக்க வேண்டியது வேறொன்று. பி.எஃப்.ஏ. முடித்த கையோடு அதே கல்லூரியில், அதே ஆசிரியரிடம், அதே மாதிரிப் படத்தை இன்னும் இரண்டாண்டு போடுவது. வேலை கிடைக்காத காலத்தைக் கடத்த அது உதவும், வேறெதற்கும் உதவாது. இரண்டு மூன்று வருடம் வெளியே வேலை பார்த்துவிட்டு, சொந்தமாக ஒரு கேள்வி முளைத்த பிறகு பரோடாவுக்கோ, சாந்திநிகேதன் கலாபவனத்துக்கோ, ஹைதராபாத்துக்கோ போகட்டும். முதுகலைக்கு இரண்டு மூன்று வருடத் தாமதம் ஒரு தடையில்லை.

அங்கே நம் பிள்ளைகள் தடுமாறுவது கையால் அல்ல, பேச்சால். நேர்காணலில் "ஏன் இப்படி வரைந்தாய்?" என்றால் வாய் திறப்பதில்லை. ஆங்கிலத்தைக் குறை சொல்வது எளிது. தமிழில் கேட்டாலும் பதில் வராது என்பதே உண்மை. ஆசிரியர்களே, பி.எஃப்.ஏ. மூன்றாமாண்டிலேயே எழுதப் பழக்குங்கள். சிதம்பரத்தில் சிவகாமி அம்மன் சன்னதி மண்டபத்து விதானத்தில் நாயக்கர் கால ஓவியங்கள் இருக்கின்றன. அண்ணாந்து பார்த்து, ஒரு கட்டத்தில் கதை எப்படி நகர்கிறது என்று இரண்டு பக்கம் தமிழில் எழுதி வரச் சொல்லலாம். பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும் மாணவரிடம் முதலில் அந்த இரண்டு பக்கத்தைக் கேளுங்கள்.