கல்குளத்தில் எதைத் தேடுகின்றோம்?

குமரி மாவட்டத்துத் தக்கலையை அடுத்த கல்குளத்தில் உள்ளது பதுமநாபபுரம் அரண்மனை. 1993இல் வெளிவந்த 'மணிச்சித்திரத்தாழ்' என்னும் மலையாளத் திரைப்படத்தின் காட்சிகள் சில இங்கு எடுக்கப்பெற்றன. அதுமுதல், இங்கு வரும் தமிழருட் பலர் தேடுவது அப்படக் கதையில் வரும் தஞ்சை ஆடல்மகள் நாகவல்லியின் அறையை! அவளோ முழுக் கற்பனை. "அவளை அடைத்த அறை எது?" என வினவுவோர், "இதனைக் கட்டியவர் யார்?" என வினவுவதில்லை.

படம் எடுத்தோர்மேல் நமக்குச் சினமில்லை. கதை சொல்வது அவர்தம் தொழில். வரலாற்றை மறப்பது நம் தொழிலா?

1601 அளவில் இரவிவருமன் தொடங்கி, 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்டவருமன் விரித்துக் கட்டிய மாளிகை இது. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர் இவ்வூரே. சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சிரட்டைக் கரியும் கூட்டி இழைத்தது என்பர் இதன் தரையை. இன்றும் அது பளபளக்கின்றது. கம்பர் வழிபட்டதென வழிவழியாகச் சொல்லப்பெறும் கலைமகள் படிமம், ஆண்டுதோறும் ஒன்பதிரவு விழாவிற்கு இங்கிருந்தே திருவனந்தபுரம் செல்கின்றது.

தாய்த்தமிழகத்தோடு இணையப் போராடியோர், 1954 ஆகத்து 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவலர் சுட்டு மாய்ந்தனர். 1956 நவம்பர் முதல் நாள் மண் நம்மோடு சேர்ந்தது. அரண்மனையின் மேலாண்மையோ இன்றும் கேரளத் தொல்பொருள் துறையின் கையில்!

அதனைக் கேட்டுப் பெறல் வேண்டும். ஆனால், நாகவல்லியை மட்டுமே அறிந்தவன் எவ்வாயால் கேட்பான்? ஆசிரியப் பெருமக்களே, மாணவரை அங்கு அழைத்துச் செல்லுங்கள். கட்டியோர் கதையையும் மாண்டோர் கதையையும் தமிழில் சொல்லுங்கள். அறிந்தவனே உரிமை கேட்பான்.