சேவலும் நரியும் துரத்தும் கூட்டமும்

பதினான்காம் நூற்றாண்டின் இறுதியிற் சோசர் இயற்றிய கன்ரபரிக் கதைகளுள், கன்னியர்மடக் குருவானவர் கூறும் விலங்குக்கதை நகைச்சுவையாற் சிறந்தது. சாந்திக்ளியர் என்னும் சேவல் தீக்கனாக் காண்கிறது. பேடோ அதனைப் பித்தமிகுதியெனத் தள்ளிப் பேதிமருந்து பரிந்துரைக்கிறது. பின்னர் வரும் நரி, தந்தையைப் போலக் கண்மூடிப் பாடுமாறு சேவலைப் புகழ்ந்து, அதன் கழுத்தைக் கௌவி ஓடுகிறது.

இதனைத் திறந்தவெளியிற் பார்வையாளரும் பங்குபற்றும் ஆற்றுகையாக்க விழையும் நெறியாளரை இறுதித் துரத்தற்காட்சியே பெரிதும் ஈர்க்கும். கைம்பெண்ணும் புதல்வியரும், நாயும் பசுவும் பன்றியும், தேனீக்களுங்கூட ஆர்ப்பரித்தெழும் அக்காட்சியிற் பார்வையாளரையும் கூவி ஓடச்செய்துவிட்டால் அரங்கு உயிர்பெற்றதாக அவர் மகிழ்தல் கூடும். அது பங்குபற்றல் அன்று, அதன் போலியே.

ஏனெனில், அந்த ஆரவாரத்தின் நடுவிலேதான் சோசர் ஒரு முள்ளை வைத்துள்ளார். 1381ஆம் ஆண்டுக் குடியானவர் எழுச்சியில், பிளெமியரைக் கொல்லப் புகுந்த ஜாக் ஸ்ட்றோவின் கூட்டத்தார் எழுப்பிய கூச்சலும் இதற்கு ஈடாகாது என்கிறார். இலண்டனில் வாழ்ந்த அவ்வந்நியர், பாணையும் பாற்கட்டியையும் குறிக்கும் சொற்களை உச்சரித்த முறையால் இனங்காணப்பட்டுக் கொல்லப்பட்டனர் என இலண்டன் வரலாற்றுக் குறிப்பொன்று கூறும்.

கேலிக்கதைக்கு இத்துணைப் பாரம் எதற்கென வினவுவோர் உளர். அப்பாரத்தை ஏற்றியவர் திறனாய்வாளர் அல்லர், சோசரே. நகைப்பைக் குறைக்குமாறு எவரும் கோரவில்லை. கனவுபற்றிய வாதத்திற் பார்வையாளர் சேவலின் பக்கமோ பேட்டின் பக்கமோ நின்று வழக்காடட்டும், துரத்தட்டும், கூவட்டும். ஆயின், கூச்சல் உச்சமடையும் கணத்தில் ஆட்டம் நின்று, அவ்வுவமை மட்டும் அமைதியிற் சொல்லப்படவேண்டும். தாம் யாருடைய குரலாற் கூவினோம் என்பதை ஒவ்வொருவரும் அப்போது தம்மையே வினவுவர். பிரேசிலின் ஓகஸ்ரோ போவால் பார்வையாளருக்கு வேண்டியது ஆற்றுகையை இடைநிறுத்தி மாற்றுவழி காட்டும் உரிமையையே. ஏவியவாறு ஓடும் உரிமையை அன்று.

நரியைப் பேசத்தூண்டி, அதன் வாய் திறந்த கணத்திற் சேவல் தப்புகிறது. காணவேண்டிய வேளையிற் கண்ணை மூடலாகாது என்பது அது பெற்ற பாடம். பார்வையாளரைப் புகழ்ந்து கண்மூடிக் கூவச்செய்யும் நெறியாளரோ, அப்பாடத்தை மேடையேற்றுவதாக எண்ணி, நரியின் தொழிலையே செய்கிறார்.