களி உருண்டையும் சின்ன இரைப்பையும்

தர்மபுரிப் பக்கத்தில் கேழ்வரகுக் களியை மெல்லுகிற வழக்கம் இல்லை. கிள்ளி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்க வேண்டியதுதான்! ஆனால் உடல் எடையைக் குறைக்க இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்த மருமகளுக்கு இந்த வழக்கம் ஆகவே ஆகாது.

'ஸ்லீவ்' என்கிற ஆபரேஷனில் இரைப்பையின் முக்கால் பங்கை எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். மெல்லாத உருண்டை அதில் போய் அடைத்துக்கொண்டால் நெஞ்சு வலிக்கும், வாந்தி வரும்.

அதற்காகக் களியையே மறந்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை, அம்மணி! முதல் இரண்டு வாரம் நீர் ஆகாரம், பிறகு மசித்தது, அப்புறம் மிருதுவானது. ஏறக்குறைய இரண்டு மாதம் சென்று, டாக்டர் சம்மதித்த பின் களி வரட்டும். சுண்டைக்காய் அளவு எடுத்து, நன்றாக மென்று சாப்பிடட்டும்.

கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து ஏராளம். புரதமோ 100 கிராமுக்குச் சுமார் 7 கிராம்தான். அவளுக்கு நாளொன்றுக்கு 60 கிராமாவது வேண்டுமே! ஆகவே முட்டை, பருப்பு, தயிர் முதலில்; களி பிறகு. தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் அரை மணி கழித்துக் குடிக்க வேண்டும். விட்டமின் மாத்திரைகள் ஆயுள் முழுதும் உண்டு.

மாமியார்மார்களுக்கு ஒரு வார்த்தை. நாலு வாயில் அவள் "போதும், அத்தை" என்றால், "என் சமையல் பிடிக்கவில்லையா?" என்று கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து விழுங்கும் ஐந்தாவது வாய்தான் அவளை வாந்தியெடுக்க வைக்கும். கிண்ணத்தை மூடி வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடுத்தால் போகிறது!