படிக்கிற புள்ள!

நம்ம தமிழ்ல ஒரு வேடிக்கை இருக்கு, கவனிச்சிருக்கீங்களா? செமஸ்டருக்கு மனப்பாடம் பண்றதும் 'படிக்கிறது'தான். டீக்கடையில பேப்பர் புரட்டுறதும் 'படிக்கிறது'தான். கதைப் புத்தகத்தைக் கையில வெச்சுக்கிட்டு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் முழிச்சுக் கெடக்கிறதும் 'படிக்கிறது'தான். ஆனா, 'அது படிக்கிற புள்ள' என்று ஊரில் யாராவது சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான்... மார்க்!

இந்த ஒரு வார்த்தைக்குள்ள மாட்டிக்கிட்டு முழிக்கிற லட்சக்கணக்கான பேர்ல நானும் ஒருத்தி. பெரம்பலூர் மாவட்டத்துல ஆலத்தூர் பக்கம் ஒரு கிராமம். காலேஜ் இருக்கிறது அரியலூர் பக்கம். மெக்கானிக்கல், மூணாவது வருஷம். வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள். அப்பா லாரி டிரைவர். அம்மா சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுக்கிற வேலைக்குப் போறாங்க. அதனால நான் கையில புத்தகத்தோட உட்கார்ந்திருந்தா வீட்டுல டி.வி சத்தம் தானாகக் குறையும். எனக்குத் தண்ணி கொண்டாந்து தர்றது தம்பி வேலை. அவ்வளவு மரியாதை!

அந்த மரியாதைக்கு ஒருநாள் சோதனை வந்தது. அம்மா பக்கத்துல வந்து அட்டையைப் பார்த்தாங்க. "இது பரீட்சைக்கு வருமாடி?" என்று கேட்டாங்க. "வராதும்மா." "அப்புறம் எதுக்குப் படிக்கிற?"

கோபமாக் கேட்கலை. தெரிஞ்சுக்கத்தான் கேட்டாங்க. நாள் முழுக்கக் குனிஞ்சு உட்கார்ந்து வெங்காயம் அறுத்த கையோட கேட்டாங்க. அதனாலதான் சட்டுனு பதில் சொல்ல வாய் வரலை. ஃப்ரெண்ட்ஸ் கேட்டா 'ஜாலிக்குடி' என்று சொல்லிட்டுப் போயிடலாம். அம்மாகிட்ட அப்படிச் சொல்ல முடியுமா? இந்த வாரம் முழுக்க அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடியிருக்கேன்.

நேரம் எங்கே இருக்கு?

முதல்ல, நம்ம எல்லாரும் சொல்ற டயலாக்கை எடுத்துக்குவோம். 'படிக்க ஆசைதான்... டைமே இல்ல!'

பெரம்பலூர் மாவட்டத் தலைநகர்தான். ஆனா, ஊருக்கு ரயில் கிடையாது. எங்க போகணும்னாலும் பஸ்தான். எங்க ஊர்ல இருந்து டவுன் பஸ்ல பெரம்பலூர். அங்கேயிருந்து அரியலூர் பஸ். நடுவுல சுமார் 30 கிலோமீட்டர். முன்னாடி ஒரு சிமென்ட் லாரி, பின்னாடி ஒரு சிமென்ட் லாரி என்று ஊர்வலமாகப் போகிற அந்த ரோட்டில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம்.

காலையில நிற்கவே இடம் இருக்காது. கம்பியைப் பிடிச்சா போதும்கிற நிலைமை. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல இருந்தே ஏறுறதால சீட் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரத்துல பஸ் குலுங்கி, தூக்கம் வந்து, பக்கத்து சீட் அக்கா கதை கேட்டதெல்லாம் போக, நிதானமா 20 பக்கம் படிக்கலாம். மாசத்துக்கு 22 நாள் காலேஜ்னு வெச்சுக்குங்க. 440 பக்கம். வருஷத்துல பத்து மாசம்னா 4,400 பக்கம். 220 பக்கப் புத்தகமா இருந்தா இருபது புத்தகம்! கால்குலேட்டர்ல ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன், சரியாத்தான் வருது.

இதே ஒரு மணி நேரம் போன்ல எங்கே போகுதுன்னு உங்களுக்கே தெரியும். ரீல்ஸ் பார்க்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. நானும் பார்க்கிறேன். ஆனா, அறுபது ரீல்ஸ் பார்த்துட்டுப் பேரளி தாண்டும்போது 'முதல்ல பார்த்தது என்ன?' என்று கேட்டால் ஒண்ணும் ஞாபகம் வராது. அதனால ஒரு ஏற்பாடு பண்ணினேன். போன் பையோட அடி அறையில. புத்தகம் மேல் அறையில. சீட்ல உட்கார்ந்து பையைத் திறந்ததும் கைக்கு முதல்ல எது தட்டுப்படுதோ, அதைத்தான் மனசு எடுக்கும். மன உறுதி எல்லாம் நமக்குக் கொஞ்சம் கம்மி பாஸ். ஜிப்பை நம்புறதுதான் பெட்டர்!

வெங்காயக் குவியல் பாடம்

வேலைப் பழக்கம் பத்தி பெர்சனாலிட்டி டெவலப்மென்ட் கிளாஸ்ல பவர் பாயின்ட் போட்டு நிறைய சொல்லித் தந்தாங்க. எனக்கு உருப்படியாப் புரிஞ்சது வெங்காயப் பட்டறையிலதான்.

எங்க பக்கம் அறுவடையான சின்ன வெங்காயத்தைக் காய வெச்சு, காத்தோட்டமாப் பட்டறை போட்டு வெப்பாங்க. விலை வரும்போது எடுத்து, தாள் அறுத்து, மூட்டை பிடிப்பாங்க. லீவு நாள்ல நானும் அம்மாகூடப் போய் உட்காருவேன். எதிர்ல ஆள் உயரத்துக்குக் குவியல். பார்த்த உடனே எனக்கு மலைப்பு. 'இது எப்பம்மா முடியும்?' என்று கேட்டுக்கிட்டே இருந்தேன். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கலை. "குவியலை ஏன் பார்க்கிற? கையில இருக்கிறதைப் பாரு" என்றாங்க. சாயங்காலம் குவியலைக் காணோம்.

தெர்மோடைனமிக்ஸ் புத்தகத்தைப் பார்த்தால் வருமே, அந்த மலைப்புக்கும் இதுதான் மருந்து. இப்ப சாயங்கால பஸ்ல முதல் பத்து நிமிஷம் அன்னிக்கு நடத்தின ஒரே ஒரு கணக்கு. அதுக்கப்புறம்தான் கதைப் புத்தகம். இறங்கினதும் ரஃப் நோட்டோட கடைசிப் பக்கத்துல மூணே வரி, அன்னிக்கு என்ன படிச்சேன்னு. நாலாவது வரி எழுதினா அது ஹோம்வொர்க் ஆயிடும், மறுநாள் எழுதத் தோணாது. 'மூடு வந்ததும் உட்காரலாம்' என்று நம்ம ஹாஸ்டல் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டால் பட்டறையில் இருக்கிற அத்தைமார் சிரிப்பாங்க. மூடு வர்ற வரைக்கும் வெங்காயம் காத்திருக்காதே!

ஓடி வரப் பார்த்த லைப்ரரியன்

பழக்கம்கிறது பிடிச்ச விஷயத்துல மட்டும்தான் வரும்னு நினைக்கிறவங்களுக்காக ஒரு நிஜக் கதை. சீர்காழிக்காரர். 1892ல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் வேலை கிடைத்தது. பேர் எஸ்.ஆர்.ரங்கநாதன். இன்னிக்கு இந்திய நூலகத் துறையோட தந்தைன்னு சொல்றாங்களே, அவரேதான்.

அவர் சேர்ந்த கொஞ்ச நாள்லயே என்ன பண்ணினார் தெரியுமா? 'இங்க பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லை, என்னால முடியாது, பழைய வேலையையே குடுங்க' என்று காலேஜுக்குத் திரும்பி ஓடினார்! கடைசியில் ஒரு ஒப்பந்தம். லண்டன் போய் நூலகம் பத்திப் படிச்சுட்டு வரட்டும், வந்த பிறகும் பிடிக்கலைன்னா வாத்தியார் வேலைக்கே வந்துடலாம்.

போனார். அங்கே ஊர் ஊரா நூலகங்களைச் சுத்திப் பார்த்தார். ஒரு கடையில் மெக்கானோ என்கிற பொம்மையைப் பார்த்தார். சின்னச் சின்ன இரும்புப் பட்டை, நட்டு, போல்ட். அதே துண்டுகளை மாத்தி மாத்திப் பூட்டினா விதவிதமான பொம்மை. 'புத்தகங்களோட விஷயத்தையும் இப்படித் துண்டு துண்டாப் பிரிச்சு, சேர்த்து அடையாளம் குடுத்தா என்ன?' என்று தோணுச்சு. அதுதான் 1933ல் கோலன் பகுப்பு முறை என்று புத்தகமாக வந்தது. நட்டு போல்ட்டுல இருந்து நூலகம்... ஒரு மெக்கானிக்கல் மாணவிக்கு இதைவிடப் பெருமை வேணுமா?

திரும்பி வந்தவர் வாத்தியார் வேலையைக் கேட்கவே இல்லை. தினமும் 13 மணி நேரம் வரை நூலகத்திலேயே கிடந்தார். 1931ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். வாசகரோட நேரத்தை வீணாக்காதேங்கிறது அதுல ஒண்ணு. பிடிக்காத வேலை அவருக்குப் பிடிச்சுப் போனதுக்குக் காரணம், அதுக்குள்ள எட்டிப் பார்க்கிற அளவுக்கு அவர் உள்ளே போனதுதான்னு நான் நினைக்கிறேன். நம்மில் எத்தனை பேர் முதல் வாரத்திலேயே 'போர்' என்று முத்திரை குத்தி ஒரு சப்ஜெக்ட்டை மூடி வைக்கிறோம்!

அப்பா ஏத்துற லோடு

சரி, அம்மா கேள்விக்கு வருவோம். பரீட்சைக்கு வராததைப் படிச்சு என்ன கிடைச்சது?

எனக்குக் கிடைச்சது ஒரு கடல். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் பத்தி நூலகத்துல ஒரு புத்தகம் கிடைச்சது. ஏழு கோடி வருஷத்துக்கு முன்னால, டைனோசர் காலத்துல, இந்தப் பக்கமெல்லாம் கடலாம். சிப்பியும் நத்தையும் செத்துச் செத்துப் படிஞ்சதுதான் இன்னிக்கு சிமென்ட் ஆலைகள் வெட்டி எடுக்கிற கல். நம்ம சாத்தனூரில் கல்லாகிப்போய்க் கிடக்கிற மரம்கூட அந்தப் பழைய காலத்துக் கதைதான்.

1862ல் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்று ஒருத்தர் ஐரோப்பாவிலிருந்து கொல்கத்தாவுக்கு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வேலைக்கு வந்தார். அப்ப அவருக்கு 24 வயசு. நம்மைவிட நாலு வயசுதான் பெரியவர். நம்ம பக்கத்தில் இருந்து போன புதைபடிவங்களை ஒவ்வொண்ணாக எடுத்துப் பார்த்து, விவரம் எழுதி, 1873க்குள் தடி தடியான தொகுதிகளாக முடித்தார். அடுத்த வருஷமே லடாக்கில் இறந்துபோனார். வயசு 36. கல்லுல இருக்கிற சிப்பியைப் பத்துப் பதினோரு வருஷம் பொறுமையாப் பார்த்த ஒரு ஆள்!

இதை அப்பாகிட்ட சொன்னேன். சாப்பிட்டுக்கிட்டு இருந்தவர் கை நின்னுபோச்சு. "அட, கல்லுல சிப்பி சிப்பியா இருக்கும்மா. இத்தனை வருஷமா லோடு ஏத்தறேன், பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். ஆத்துச் சிப்பின்னுல்ல நினைச்சேன்..." என்றார். மறுவாரம் லாரியில் இருந்து இறங்கும்போது பேப்பரில் சுத்தி ஒரு கல் கொண்டுவந்தார். உள்ளங்கை அகலத்துக்குக் கல்லாகிப்போன சிப்பி. இருபது வருஷமாக் கண்ணால பார்த்தவர் அவர். புத்தகத்துல பார்த்தவ நான். ரெண்டு பேரும் சேர்ந்து பேசுறதுக்கு ஒரு விஷயம் கிடைச்சது. செமஸ்டர் மார்க் ஷீட்டை வெச்சுக்கிட்டு நாங்க அரை மணி நேரம் பேசினதா ஞாபகமே இல்லை.

'அப்புறம்?'

அம்மாவுக்கு நான் வாயால பதில் சொல்லலை. ஒரு ஞாயித்துக்கிழமை பட்டறையில தாள் அறுத்துக்கிட்டே 'பொன்னியின் செல்வன்' கதையைச் சொல்ல ஆரம்பிச்சேன். கங்கைகொண்ட சோழபுரம் கட்டின ராஜேந்திரனோட அப்பா கதைன்னு சொன்னதும் எல்லாருக்கும் நம்ம ஊர்க் கதை ஆயிடுச்சு. அரைமணி நேரத்துல வெங்காயம் அறுக்கிற சத்தம் மட்டும்தான். சாப்பாட்டு நேரம் வந்ததும் நிறுத்தினேன். "அப்புறம் என்னாச்சுடி?" என்று முதல்ல கேட்டது யாருன்னு நினைக்கிறீங்க? எங்க அம்மாவேதான்!

1950ல் இருந்து 1954 வரைக்கும் 'கல்கி' பத்திரிகையில வாரா வாரம் வந்த கதை அது. அப்பவும் ஜனங்க இப்படித்தான் அடுத்த வாரத்துக்காகக் காத்திருந்திருப்பாங்க. இப்ப அஞ்சு பாகத்துல ரெண்டாவது நடந்துக்கிட்டு இருக்கு. ஒரு லீவுக்குப் போகலைன்னா அத்தைமார் சண்டைக்கு வர்றாங்க.

கேம்பஸ் இன்டர்வியூல இதையெல்லாம் யாரும் கேட்கப் போறதில்லை. 'படிச்சா வேலை கிடைக்கும்' என்று கதைப் புத்தகத்துக்காக நான் பொய் சொல்ல மாட்டேன். வேலைக்கு வேற படிக்கணும், அதையும் படிச்சுக்கிட்டுதான் இருக்கேன். ஆனா, பரீட்சைக்குப் படிக்கிறப்ப கேள்வியை வேற யாரோ எடுக்கிறாங்க. இதுல கேள்வி எனக்கே வருது. அந்த வித்தியாசம் இருபது வயசுல தெரிஞ்சுக்கிட்டா நல்லதுன்னு தோணுது.

கடைசியா, 'புத்தகம் வாங்கக் காசு?' என்று கேட்கிறவங்களுக்கு ஒரு சேதி. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க. நூலக வரின்னு ஒரு வரி இருக்கும். 1948ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் போட்ட வழி அது. அதுக்காக ரொம்ப வருஷம் பாடுபட்டவர், மேலே சொன்ன அதே ரங்கநாதன்தான். அதாவது, நம்ம அம்மா அப்பா நமக்காக லைப்ரரிக்கு ஏற்கெனவே காசு கட்டிட்டாங்க. பெரம்பலூர்லயும் அரியலூர்லயும் மாவட்ட மைய நூலகம் இருக்கு. உங்க ஊர்லயே கிளை நூலகம் இருக்கலாம். போய் எடுக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

எந்தப் புத்தகம்னு என்னைக் கேட்காதீங்க. உங்க பஸ் எவ்வளவு நேரம் ஓடும்னு மட்டும் இந்த வாரம் கணக்குப் போட்டு வைங்க. சீட் கிடைக்கலைன்னா, கம்பியைப் பிடிச்சுக்கிட்டே படிக்கிறது எப்படின்னு அடுத்த வாரம் சொல்றேன்!