முயலுக்கும் ஜாதகமா?

சின்னவள் ஆசைப்பட்டாளே என்று போன வருஷம் ஒரு ஜோடி முயல் வாங்கினோம். "தாய், தகப்பன் விவரச் சீட்டு வேணும்னா தனியா காசு" என்றார் விற்றவர். முயலுக்கும் ஜாதகமா என்று சிரித்துவிட்டு வந்தேன்.

முப்பத்தோரு நாளில் குட்டி போட்டது. ஆறில் நாலு தங்கவில்லை. போய்ச் சொன்னபோதுதான், "இரண்டும் ஒரே ஈற்றுக் குட்டிகளாச்சே!" என்றார் சாவகாசமாக. நெருங்கிய உறவிலேயே சேர்த்துக்கொண்டு போனால், குட்டிகள் நோஞ்சானாகும், எண்ணிக்கையும் குறையும்.

பிறந்த தேதி, தாய், தகப்பன் இவ்வளவையும் விலைக்குள்ளேயே எழுதித் தரவேண்டியது விற்பவர் கடமை. ஜவுளிக்கடையில் பில்லுக்குத் தனிக் காசா கேட்கிறார்கள்? ஆனால் காதில் எண் குத்தி, மூன்று தலைமுறைக்கு எடைக்கணக்கும் வைத்திருப்பவர் கொஞ்சம் கூடக் கேட்டால் கொடுக்கலாம். அது காகிதத்துக்கு அல்ல, உழைப்புக்கு.

ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா என்று இனப் பெயர் சொல்லி விலையை ஏற்றினால் மயங்காதீர்கள். இந்த இனங்களை நம் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய அரசு ஆராய்ச்சி நிலையத்திலேயே வளர்க்கிறார்கள். அங்கே விசாரித்துக்கொள்ளலாம்.

சீட்டு வாங்கினால், அதிலுள்ள எண்ணும் காது எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். சீட்டே கிடைக்காவிட்டால், ஆணை ஓரிடத்திலும் பெண்ணை வேறிடத்திலும் வாங்குங்கள். காசு செலவில்லாத வழி இதுதான். நான் பட்டது போதும்!