தில்லியிடம் கேட்பதைத் தாம்பரத்திற்குக் கொடுங்கள்

முடிச்சூரில் குடியிருப்போருக்குக் கிடைத்த உரிமை தாம்பரத்தில் குடியிருப்போருக்குக் கிடைக்கவில்லை. 2021 அக்டோபரில் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, முடிச்சூர், வேங்கைவாசல், மேடவாக்கம் முதலிய ஊராட்சிகளின் மக்கள் தத்தம் தலைவரைத் தாமே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். நான்கு மாதம் சென்று, 2022 பிப்ரவரி 19ஆம் நாள், தாம்பரம் மாநகராட்சியின் முதல் தேர்தல் நடைபெற்றது. மக்கள் 70 வார்டு உறுப்பினர்களைத் தேர்ந்தனர். மேயரையோ அந்த எழுபதின்மர் மார்ச் 4ஆம் நாள் மன்றத்தில் கூடித் தேர்ந்தனர். பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் எனப் பத்து ஊர்களின் மன்றங்களை ஒன்றாக்கி அமைத்த மாநகரம் இது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படியே இங்கு ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். இத்தனை பேருக்கும் தலைமை தாங்குபவரை முடிவு செய்ய 36 வாக்குகள் போதுமாம்! கிராமத்தாருக்கு உண்டென்று ஒப்புக்கொண்ட அறிவு நகரத்தாருக்கு இல்லையென்று எவர் தீர்ப்பளித்தார்?

1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 74ஆவது திருத்தம், நகராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாநிலச் சட்டமன்றங்களிடம் விட்டுவிட்டது. அந்த உரிமையைத் தமிழகம் எவ்வாறு கையாண்டது? 1996இல் நேரடித் தேர்தல். 2006இல் மறைமுகத் தேர்தல். 2011இல் மீண்டும் நேரடி. 2016இல் மறைமுகமென்று சட்டம். 2018இல் நேரடியென்று திருத்தம். 2019 நவம்பரில் மறைமுகமென்று அவசரச் சட்டம்! ஒரு கட்சி வந்து மாற்றியதை மறுகட்சி வந்து மாற்றியது மட்டுமன்று. ஒரே கட்சியின் ஆட்சியிலேயே நான்காண்டுகளுக்குள் மூன்று முறை சட்டம் புரண்டது. மக்களிடம் ஒருமுறையேனும் கேட்டார்களா? கோட்டையிலிருப்போருக்கு எம்முறை வாய்ப்போ அம்முறையே நமக்கு விதிக்கப்பட்டது. இக்குற்றத்தில் இரு கழகங்களுக்கும் பங்குண்டு.

சென்னை மாநகராட்சி 1973இல் கலைக்கப்பட்டு, 1996 வரை 23 ஆண்டுகள் மக்கள் மன்றமின்றிக் கிடந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலை உயர்நீதிமன்றம் ரத்துச் செய்தபின், 2022 பிப்ரவரி வரை நம் நகரங்கள் மறுபடியும் தனி அதிகாரிகள் கையிலிருந்தன. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையும் புறநகரும் குடிநீருக்குத் தவித்தபோது, தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூட நமக்கு இல்லை.

இதனால் நமக்கென்ன, யார் மேயரானால் நமக்கென்ன என்று நம்மவருள் சிலர் கேட்கின்றனர். அரசியல் சாசனத்தின் 12ஆவது அட்டவணை நகரமன்றங்களுக்குரிய 18 பொறுப்புகளை எண்ணிக் காட்டுகிறது. குடிநீரும் சாலையும் தெருவிளக்கும் அதில் உள்ளன, அடக்கத்தலங்கள் உள்ளன, இறைச்சிக் கூடங்களையும் தோல் பதனிடும் இடங்களையும் ஒழுங்குபடுத்தலும் உள்ளது. நம் கபருஸ்தானின் சுற்றுச்சுவர் முதல் நாகல்கேணி தோல் தொழிலாளியின் அன்றாடப் பிழைப்பு வரை, அத்தொழிலால் கெட்ட நிலத்தடி நீர் வரை, அவ்வட்டவணைக்குள் அடங்கும். தோல் பதனிடும் ஆலையால் குரோம்பேட்டையெனப் பெயர் பெற்ற ஊரில் இருந்துகொண்டு, இது நம் காரியமன்று என்று எவ்வாறு சொல்வது?

நிற்க. நேரடித் தேர்தலை மறுப்போர் சொல்லும் வாதங்களையும் நேர்மையோடு பார்ப்போம்.

மேயர் ஒரு கட்சியும் மன்றம் மறுகட்சியுமானால் நிர்வாகம் முடங்கும் என்பது முதல் வாதம். முடங்க இடமுண்டு என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் இருவரின் அதிகார எல்லைகளையும் சட்டத்தில் தெளிவாக வகுத்தல்தானே அதற்குப் பரிகாரம்? மணமக்களுக்குள் பிணக்கு வரலாமென்று அஞ்சி நிக்காஹையே நிறுத்துவோருண்டோ? மேலும், மறைமுக முறை மட்டும் அமைதி தந்ததா? 2024 ஜூலையில் கோவை, திருநெல்வேலி மேயர்கள் இருவரும் ஒரே நாளில் பதவி விலகினர். காரணம் எதுவாயினும், வந்ததிலும் போனதிலும் வாக்காளருக்குப் பங்கில்லை.

பெருநகரம் முழுவதும் போட்டியிடப் பணம் வேண்டும் என்பது இரண்டாம் வாதம். உண்மையே. ஆயினும் இலட்சக்கணக்கானோரை விலைக்கு வாங்குவது எளிதா, 36 பேரை வாங்குவது எளிதா? 2022 மார்ச்சில் பல ஊர்களில், கூட்டணிக் கட்சிகளுக்கெனத் தலைமை ஒதுக்கிய பதவிகளை ஆளுங்கட்சிக் கவுன்சிலர்களே கைப்பற்ற, அவர்களை விலகுமாறு முதலமைச்சரே அறிக்கை விட நேர்ந்தது. மக்கள் அளிக்க வேண்டிய பதவி மேலிடத்தால் ஒதுக்கப்படும் பொருளாகிவிட்டதன் விளைவு இது.

மூன்றாம் வாதம் நம் வீட்டுக்குள்ளேயே எழுவது. வார்டுகளில் நாம் திரண்டு வாழ்வதால் சில உறுப்பினர்களையேனும் பெறலாம். நகரம் முழுதும் வாக்கென்றால் சிறுபான்மையின் குரல் கரைந்துவிடும் என்று பெரியவர்கள் அஞ்சுகின்றனர். ஆனால் நேரடித் தேர்தல் வந்தாலும் வார்டுகள் போய்விடுவதில்லை; அவ்வுறுப்பினர்கள் அப்படியே இருப்பர். கூடக் கிடைப்பது ஒன்றுண்டு. மேயராக விரும்புகிறவர், ஐம்பது வீடே நம்முடையதாயிருக்கும் தெருவுக்கும் வந்து ஸலாம் சொல்லியாக வேண்டும். 36 கவுன்சிலர்களைச் சரிக்கட்டியவருக்கு அத்தெருவின் வழிகூடத் தெரிய வேண்டியதில்லை. தாம்பரம் மேயர் பதவி 2022இல் பட்டியல் சாதிப் பெண்ணுக்கென ஒதுக்கப்பட்டது. அது நல்ல ஏற்பாடு. அத்தகைய பெண்ணொருவர் மக்கள் வாக்கோடு ஆசனத்தில் அமர்ந்தால், அவரை எந்த வட்டாரப் பெரும்புள்ளியும் அதட்ட முடியாது.

தலைமையதிகாரம் அஞ்சுவது இந்தப் பலத்தைத்தான். சென்னையில் மக்கள் நேரடியாகத் தேர்ந்த முதல் மேயர் மு.க. ஸ்டாலின். ஒருவர் மேயராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் இருத்தலாகாதென்று அன்றைய மாநில அரசு 2002இல் கொண்டுவந்த சட்டத்தால் அவர் மேயர் பதவியை விட நேர்ந்தது. அவரே முதலமைச்சராக இருந்தபோதுதான் 2022இன் மறைமுகத் தேர்தலும் நடந்தது! துருக்கியைப் பாருங்கள். 2019 மார்ச்சில் இஸ்தான்பூல் மேயராக இமாமோக்லு சுமார் 13,000 வாக்குகளில் வென்றார். தேர்தல் ஆணையம் அதை ரத்துச் செய்தது. ஜூனில் மறுதேர்தல் நடந்தபோது மக்கள் அவரை எட்டு இலட்சம் வாக்குகளில் வெல்ல வைத்தனர். 2025 மார்ச்சில் அவர் சிறையிலடைக்கப்பட்டார். அவ்வேளை அதிபராயிருந்த எர்துவானும் 1994இல் அதே நகரின் மேயராகி எழுந்தவரே. வாக்கு மட்டும் கேடயமாகிவிடாது என்பதற்கும், வாக்கில்லாதவருக்காக மக்கள் திரும்பவும் திரண்டு வரமாட்டார்கள் என்பதற்கும் இதுவே சான்று.

கூஃபா நகரத்தார் தம் ஆளுநர் ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) மீது முறையிட்டபோது, கலீஃபா உமர் (ரலி) அவரை மாற்றினார். அது நியமனமேயன்றித் தேர்தலன்று. விசாரணையில் ஸஅது குற்றமற்றவரென்றே தெரிந்தது. ஆயினும், பேரரசின் தலைவர் ஓர் ஊராரின் மனத்தை அத்துணை மதித்தார். அதிகாரம் அமானிதம் என்றறிந்தவரின் செயல் அது.

தமிழகம் 1969இல் இராசமன்னார் குழுவை அமைத்தது. 1974இல் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. 2025இலும் மாநில உரிமைகளை ஆராய ஒரு குழுவை நியமித்தது. அனைத்தையும் நாம் வரவேற்கிறோம். ஆனால் தில்லியிடம் நீட்டும் கையால் தாம்பரத்தின் கையைத் தட்டிவிடுவது நீதியாகாது. 2022இல் தொடங்கிய மாமன்றங்களின் காலம் 2027இல் நிறைவெய்துகிறது. மேயரையும் நகராட்சித் தலைவர்களையும் மக்களே தேர்ந்தெடுப்பதெனச் சட்டம் வரவேண்டும். 18 பொறுப்புகளும் நிதியோடு அவர்களிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் முறையை மாற்றும் விளையாட்டும் ஒழிய வேண்டும். வாக்குக் கேட்டு நம் மஹல்லாவுக்கு வரும் எக்கட்சியாரிடமும், வாக்குறுதி கேட்குமுன் இதற்கு விடை கேளுங்கள்.